நம் கடல் அளவுகளை மற்ற நாடுகளுக்கு ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

நாகலூர்க்காரர் (ஏற்காடு) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் வெகு தூரம். ஆனாலும் கேள்வி கடலைப் பற்றித்தான்.

எங்களுக்குப் பழம் பறிப்பு நவம்பரில் சூடு பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். பறித்த பழத்தைக் களத்தில் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பாதி காய்ந்த சரக்கு நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் வியாபாரி கையில் எடுத்து மோந்து பார்த்தே விலையைக் குறைத்துவிடுவார். 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. கரையேறிவிட்டது, இனி வலுவிழந்துவிடும் என்று இங்கே எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில், மெதுவாக உள்நாட்டுக்குள் நகர்ந்து வந்து கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி போகவில்லை.

அதிலிருந்து இந்த மழை எங்கே பிறக்கிறது, யார் அளக்கிறார்கள் என்று தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் போனில் மழையைக் கணித்துச் சொல்லும் ஐரோப்பிய மாடலும் பார்க்கிறேன், அமெரிக்க மாடலும் பார்க்கிறேன். வங்காள விரிகுடா நடுவில் தண்ணீர் எத்தனை சூடு என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? நாடுகள் கடல் அளவுகளை ஒன்றுக்கொன்று இலவசமாகக் கொடுத்துக்கொள்கின்றன என்று படித்தேன்.

இதை ஒண்டிக்கடையில் டீ குடிக்கும்போது சொன்னேன். பக்கத்துத் தோட்டக்காரர் அடித்துப் பேசினார்: "நம்ம கடலை நாம காசு போட்டு அளந்து, வெளிநாட்டுக்காரனுக்கு எதுக்குச் சும்மா குடுக்கணும்? வேணும்னா வாங்கிக்கட்டும்." அது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. நாம் கொடுக்கிறோமா, வாங்குகிறோமா? பெரிய நாடு ஒன்று கையை விரித்துவிட்டால் நம் கதி என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அம்மாபேட்டை அலை பதில்:

அண்ணா, நான் சேலம் அம்மாபேட்டைதான். கடல் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறேன். நான் தினமும் கையாளும் விஷயத்தையே கேட்டுவிட்டீர்கள், அதனால் பதில் நீளும்.

முதலில் யார் அளக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். ஆர்கோ என்று ஒரு மிதவைத் திட்டம். கப்பலிலிருந்து அதை இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நெஞ்சு உயரத்துக்கு ஒரு மஞ்சள் உருளை. தலையில் ஆன்டெனா, அதன் அருகில் வெப்பம், உப்பு, அழுத்தம் அளக்கும் கருவி. கப்பலின் வேகத்தை நன்றாகக் குறைத்து, பின்தளத்திலிருந்து கயிற்றில் மெல்ல இறக்குவார்கள். தண்ணீரைத் தொட்டு நிமிர்ந்ததும் கயிற்றை ஒரு பக்கமாக உருவிக்கொள்வார்கள். அதோடு சரி, அதைத் திரும்ப எடுக்க பெரும்பாலும் யாரும் போவதில்லை.

அதன் வயிற்றில் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயை உள்ளே இழுத்தால் பருமன் குறைந்து மூழ்கும், வெளியே இருக்கும் பைக்குள் தள்ளினால் பருமன் கூடி மேலே வரும். 1000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும். பத்து நாளுக்கு ஒரு தடவை 2000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து ஏறும்போது அளந்துகொண்டே வரும். மேலே வந்து செயற்கைக்கோளுக்கு எண்களை அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். பேட்டரி தீரும்வரை, அதாவது நாலைந்து வருஷம், இதே வேலைதான். 2007 நவம்பரில் உலகக் கடல்களில் இப்படி 3000 மிதவைகள் ஆயின. இப்போது 4000-ஐ ஒட்டி இருக்கின்றன. ஏறக்குறைய முப்பது நாடுகள் சேர்ந்து போட்டவை. நம் நாடும் 2000-களின் தொடக்கத்திலிருந்து போட்டு வருகிறது.

மிதவை அனுப்பிய அளவு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரான்சில் பிரெஸ்ட், அமெரிக்காவில் மான்டெரே ஆகிய இரண்டு ஊர்களில் உள்ள மையங்களுக்குப் போய்விடும். இந்தியப் பெருங்கடலுக்கான மண்டல மையம் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற நம் கடல் தகவல் நிறுவனம். உங்கள் போனில் வரும் ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் எல்லாம் இந்த மிதவை அளவுகளையும் எடுத்துக்கொண்டுதான் கடலின் உள்சூட்டைக் கணக்கிடுகின்றன. நீங்களும் எடுக்கலாம், பாஸ்வேர்டு கிடையாது, பணம் கிடையாது.

இப்போது பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கு வருகிறேன். மிதவை அளவுகள் இருக்கும் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தரக்குறி இருக்கும். 1 என்றால் நல்லது, 4 என்றால் கெட்டது. உப்பு அளக்கும் கருவி மாதக்கணக்கில் கடலில் கிடந்தால் மெல்ல மெல்லப் பிசகும். பாசி படியலாம், பாகம் கெடலாம். அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினாலும் ஆழ்கடலில் அது பெரிய தப்பு. மிதவையோ கையில் இல்லை, கொண்டுவந்து சோதிக்க வழியில்லை. அது போன பாதையில் முன்னாலும் பின்னாலும் போன மற்ற மிதவைகள், கப்பல்கள் எடுத்த அளவோடு ஒப்பிட்டுத்தான் பிசகைக் கண்டுபிடித்துத் திருத்துகிறோம். அந்த அளவுகள் ஜப்பானுடையதாக இருக்கும், ஆஸ்திரேலியாவுடையதாக இருக்கும், ஃபிரான்சுடையதாக இருக்கும். நம் அளவை நாம் மட்டும் பூட்டி வைத்துக்கொண்டால், மற்றவர்களும் அப்படியே செய்தால், நம் பெட்டிக்குள் இருப்பது சரியான எண்தானா என்றே நமக்குத் தெரியாது. இந்த வேலையில் இறங்கிய பிறகு எனக்கு மனசில் ஆழமாகப் பதிந்தது இதுதான். விற்பனை, இலவசம் என்ற பேச்சுக்கெல்லாம் முன்னால் வரும் விஷயம் இது.

அடுத்தது, நாம் வாங்குகிறவர்கள் மட்டும் இல்லை. கடல்மேல் வீசும் காற்றை அளந்துவந்த அமெரிக்காவின் குவிக்ஸ்காட் செயற்கைக்கோள் 2009 நவம்பரில் செயலிழந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், கடல் காற்றை அளக்கும் ஓஷன்சாட்-2 செயற்கைக்கோளை இஸ்ரோ ஏவியிருந்தது. 2012-இல் நியூயார்க் பக்கம் தாக்கிய சாண்டி புயலின் காற்றைக் காட்டிய படங்களில் நம் ஓஷன்சாட் அளவுகளும் உண்டு. 2013-இல் பிரான்சோடு சேர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய சரள் செயற்கைக்கோள், கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து எல்லாருக்கும் கொடுத்தது. ஒண்டிக்கடையில் இதையும் சொல்லுங்கள், பெருமையாகவே சொல்லலாம்.


ஓய்வுபெற்ற மாலுமி (அஸ்தம்பட்டி) பதில்:

தங்கச்சி நன்றாக விளக்கியிருக்கிறது. பழைய சேதி ஒன்றை நான் சேர்க்கிறேன்.

மிதவையும் செயற்கைக்கோளும் வருவதற்கு முன்னால் இந்த வேலையைச் சரக்குக் கப்பல்களில் இருந்த எங்களைப் போன்றவர்கள் செய்தோம். கிரீன்விச் நேரப்படி ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை காற்று, அழுத்தம், அலை, மேகம், கடல் வெப்பம் எல்லாம் குறித்து ரேடியோவில் அனுப்ப வேண்டும். யாரும் சம்பளம் தருவதில்லை. கடல் வெப்பத்துக்கு ஒரு வாளியைக் கயிற்றில் கட்டிப் பக்கவாட்டில் இறக்கி, நீர் மொண்டு, மேலே இழுத்த உடனே வெப்பமானியை உள்ளே விட வேண்டும். தாமதித்தால் காற்றுப் பட்டு நீர் ஆறிவிடும், அளவு குறைவாகக் காட்டும். ராத்திரிக் காவலில், கப்பல் ஆடும்போது, அந்த வாளியைப் பிடித்து நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எல்லா நாட்டுக் கப்பலும் ஒரே படிவத்தில் குறிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1853-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய மாநாட்டில் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ மோரி என்பவர் அலைந்து திரிந்து அதற்கு ஆள் சேர்த்தார். பத்து நாடுகள் வந்தன. அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில்கூட, 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி இரண்டு நாட்டிலும் உலகத் தரவு மையங்கள் வைத்து கடல் அளவுகளைப் பரிமாறிக்கொண்டார்கள்.

நம் கடலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 1959 முதல் 1965 வரை சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கலந்துகொண்டன. வலையில் பிடித்த, நீரில் மிதந்து வாழும் சிற்றுயிர்களைத் தரம் பிரிக்கக் கொச்சியில் ஒரு மையமே வைத்தார்கள். அந்தச் சூட்டில்தான், இன்று கோவாவில் இருக்கும் தேசியக் கடலாய்வு நிறுவனம் 1966-இல் பிறந்தது. அந்தப் பயணத்தின் அளவுகள் அட்லஸாக வெளிவந்தது 1971-இல். இன்றைக்கு ஒரே நாளில் வருகிறது என்று தங்கச்சி சொல்கிறது. எங்கள் காலத்து ஆளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி மாளாது.


செவ்வாய்ப்பேட்டை வக்கீல் பதில்:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நம் பொருளாதார மண்டலம். பரப்பில் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் வேறு நாட்டுக்காரர் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் நம் சம்மதம் வேண்டும், ஆறு மாதம் முன்னாலேயே விவரம் கொடுக்க வேண்டும், நம் ஆளைக் கப்பலில் ஏற்றிக்கொள்ள வேண்டும், முடிவுகளை நமக்குத் தர வேண்டும். இதெல்லாம் காரணமில்லாமல் எழுதியதில்லை. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது எத்தனை பதற்றம்? 2024-இல் இலங்கை வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு ஒரு வருஷம் தடையே போட்டது. தண்ணீரின் சூடும் உப்பும் தெரிந்தால் அதில் ஒலி எப்படி வளையும் என்று கணக்குப் போடலாம், நீர்மூழ்கி எங்கே ஒளியலாம் என்று கண்டுபிடிக்கலாம். அறிவியல் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாக் கதவையும் திறந்துவிட முடியாது.


அம்மாபேட்டை அலை பதில்:

வக்கீல் ஐயா சொன்னதை நான் தள்ளவில்லை. ஒலி கடலில் வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், சூட்டுக்கும் உப்புக்கும் ஏற்ப வேகமும் திசையும் மாறும். கடற்படைகளுக்கு அது முக்கியம் என்பது உண்மை. கரையோரத்து ஆழ வரைபடங்களைக் காத்து வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் உலக நாடுகள் இதை யோசிக்காமல் விடவில்லை. யுனெஸ்கோவின் கீழ் இயங்கும் அரசுகளிடைக் கடலியல் ஆணையம் 1960-இல் தொடங்கியது. அடுத்த வருஷமே தரவுப் பரிமாற்றத்துக்கென்று தனித் திட்டம் வைத்தார்கள். ஆர்கோ வந்தபோது, 1999-இலேயே, மிதவை ஒரு நாட்டின் மண்டலத்துக்குள் மிதந்து போகக்கூடும் என்றால் அந்த நாட்டுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மிதவை எங்கே இருக்கிறது என்பதை யாரும் பார்க்கலாம். ரகசியமாக ஒரு கப்பல் வந்து அளந்து, அளவை ஊருக்குக் கொண்டுபோவதும் இதுவும் ஒன்றில்லை, ஐயா. உங்களுக்குப் பயம் முதல் வகையைப் பற்றி. அதற்கு நல்ல மருந்தே எல்லாருக்கும் தெரியும்படி அளப்பதுதான் என்பது என் எண்ணம்.

பாதுகாப்பு என்று பேசும்போது 2004 டிசம்பர் 26-ஐயும் சேர்த்துப் பேச வேண்டும். ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி மையத்துக்குப் பூகம்பம் கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் முதலில் அதன் அளவை 8.0 என்று குறைத்துத்தான் கணித்தார்கள். அலை எழுந்ததா இல்லையா என்று உடனுக்குடன் சொல்ல இந்தியப் பெருங்கடலில் கருவி வலை இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கடல்மட்டமானி இருந்தது, அலையைப் பதிவும் செய்தது. அந்தப் பதிவு அந்த நேரத்தில் எவருக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு இல்லை. சுமத்ராவிலிருந்து நம் கரைக்கு வர அலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு பதறும். நாகப்பட்டினம், கடலூர் ஆட்களுக்கு அந்த நேரத்தின் விலை தெரியும்.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் நம் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கின்றன. அவர்களுடைய கடல்மட்டமானி நமக்குப் பேசுகிறது, நம்முடையது அவர்களுக்குப் பேசுகிறது. பூட்டி வைத்திருந்தால் இது நடக்குமா?

நாகலூர் அண்ணா, பெரிய நாடு கைவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான், எனக்கும் உண்டு. ஆர்கோ மிதவைகளில் ஏறக்குறைய பாதியை அமெரிக்கா ஒன்றே போடுகிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவைக் கவனிக்க நங்கூரமிட்ட மிதவை வரிசை ஒன்று உண்டு. 1982-83-இல் வந்த பெரிய எல் நினோவை வந்து முற்றும்வரை யாரும் கண்டுகொள்ளாமல் போனதால் உருவாக்கிய வரிசை அது. 2012-இல் அதைப் பராமரித்த கப்பலைச் செலவு காரணமாக நிறுத்தினார்கள். இரண்டு வருஷத்துக்குள் வர வேண்டிய அளவுகளில் பாதிக்கும் கீழேதான் வந்தன. இந்தியப் பெருங்கடலில் ராமா என்று இதேபோல் ஒரு வரிசை இருக்கிறது. 2004-இல் தொடங்கியது. அமெரிக்கா கருவிகளைக் கொடுக்க, நாம் கப்பலைக் கொடுக்கிறோம், ஜப்பானும் இந்தோனேசியாவும் இன்னும் சிலரும் பங்கெடுத்திருக்கிறார்கள். மீன்பிடிப் படகுகள் மிதவையில் கட்டிக்கொள்வதால் கருவி உடைகிறது. மேற்கே கடற்கொள்ளையர் பயத்தால் சில இடங்களுக்குப் பல வருஷம் போகவே முடியவில்லை. ஒருத்தரை நம்பி இருக்கக் கூடாது என்பது சரி. அதற்கு வழி, நாமும் அதிகமாகப் போட்டு அதிகமாகக் கொடுப்பது. அளக்கிற நாடுகள் கூடினால்தான் ஒரு நாடு விலகினாலும் ஓட்டை சிறிதாக இருக்கும்.


நாகலூர்க்காரர் பதில்:

இத்தனை விவரத்துக்கு எல்லாருக்கும் நன்றி. வக்கீல் சாருக்கும் சேர்த்துத்தான். அவர் கேட்கவில்லை என்றால் பாதி விஷயம் வந்திருக்காது.

இன்னும் ஒன்று. 2016-இல் எங்களுக்கு வடகிழக்கு மழையே இல்லை. மிளகுக் கொடி மரத்தோடு காய்ந்து தொங்கியது. கிணறு அடியில் பாறை தெரிந்தது. அதுவும் கடலில் தெரிந்திருக்குமா? அப்பா காலத்திலிருந்து தோட்டத்தில் ரெயின்கேஜ் வைத்து மழைக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. பழைய ரெஜிஸ்டர்கள் பரண்மேல் கிடக்கின்றன, சிலதில் செல்லரித்திருக்கிறது. எல்லாம் இஞ்ச், சென்ட் (இஞ்சில் நூறில் ஒரு பங்கு) கணக்கு. உங்கள் மாதிரி ஆட்களுக்கு அது உதவுமா? கடல் அளவை நாடுகள் கொடுக்கும்போது மலை அளவை நாங்கள் வைத்துக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை.


அம்மாபேட்டை அலை பதில்:

தெரிந்தது அண்ணா. அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. கடலில் அப்போது இரண்டு விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. பசிபிக்கில் லேசான லா நினா, அதாவது எல் நினோவுக்கு நேர்மாறாகக் கடல் குளிரும் நிலை. இந்தியப் பெருங்கடலில் சுமத்ரா பக்கம் வழக்கத்தைவிடச் சூடு, ஆப்பிரிக்கா பக்கம் குளிர்ச்சி. இந்த இரண்டாவதை எதிர்மறை இருமுனை நிலை என்போம். இப்படி ஒன்று இருப்பதையே 1999-இல்தான் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் எழுதிக் காட்டினார்கள். பல நாட்டுக் கப்பல்கள் பல காலமாக எடுத்த கடல் வெப்ப அளவுகள் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்ததால் அது சாத்தியமானது. அஸ்தம்பட்டி ஐயா பிடித்த வாளி மாதிரி எத்தனையோ வாளிகள் அதற்குள் இருக்கும். இந்த நிலை வந்தால் நமக்கு மழை குறைய வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தடவையும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. எந்த நாளில் களத்தை மூட வேண்டும் என்பதும் இதிலிருந்து கிடைக்காது. ஆகஸ்டிலேயே பார்த்துவிட்டுத் தண்ணீரைச் சேர்த்து வைப்பதற்கு உதவும். ஆஸ்திரேலிய வானிலைத் துறை தன் தளத்தில் இந்தக் குறியீட்டைத் தொடர்ந்து வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம்.

ரெஜிஸ்டர் விஷயம் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்டிப்பாக உதவும். கடலுக்கும் இதே வேலை நடந்திருக்கிறது. 1993-இல் தொடங்கி, பல நாட்டு அலுவலக அலமாரிகளில் மக்கிக்கொண்டிருந்த கடல் அளவுப் பதிவேடுகளைத் தேடி எடுத்துக் கணினியில் ஏற்றினார்கள். கடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று இன்று சொல்ல முடிவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள், ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்புகளும் விழட்டும். செல்லரித்த பக்கத்தையும் விடாதீர்கள். இஞ்ச், சென்டை மில்லிமீட்டராக மாற்ற வேண்டாம், எழுதியது எழுதியபடி இருக்கட்டும். ரெயின்கேஜை எப்போதாவது இடம் மாற்றியிருந்தால், பக்கத்தில் மரம் வளர்ந்து மறைத்திருந்தால், காலையில் எத்தனை மணிக்கு அளப்பீர்கள் என்பது மாறியிருந்தால், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு அதைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். எண்களைவிட அந்தத் தாள்தான் எங்களுக்கு முதலில் வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வருவேன், அப்போது மலையேறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.